எங்கள் குழுவில் மாணிக்கம் அண்ணை இல்லை

போன கிழமை ஒரு காலை, தேநீரை இன்னும் வாயில் வைக்கவில்லை, கைபேசி கிணுகிணுத்தது. எங்கள் கமக்காரர் அமைப்பின் கைபேசிக் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். தலைகீழாக நிறுத்திய சைக்கிள், பின்சில்லோடு ஒட்டிய டைனமோ, அதிலிருந்து இரண்டு வயர் ஓடி ஒரு பழைய வானொலிப் பெட்டி. கீழே ‘அது ஒரு பொற்காலம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரோசாப்பூ வேறு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதயங்கள் விழத் தொடங்கின. கனடாவிலிருந்து ஒன்று, சுவிசிலிருந்து ஒன்று, என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற பரமேஸ் அண்ணையிடமிருந்து ஒன்று. எனக்கு வந்த கோபத்துக்குக் கைபேசியைக் கிணற்றுக்குள் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. நான் அந்த அமைப்பின் செயலாளர். விதைநெல் அறிவித்தலும் உர அறிவித்தலும் அதில்தான் வரும். இப்படித்தான் என் கோபங்களெல்லாம் ஏதாவது ஓர் அறிவித்தலுக்காகப் பாதியில் நின்றுபோகின்றன.

பொற்காலமாம்!

விசுவமடுவில் பரமேஸ் அண்ணைக்குப் போர்க்காலத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடை என்றால் நாலு பூவரசங்கம்பு, மேலே கிடுகு. எதிரே கூட்டுறவுச் சங்கக்கடை, அங்கே நான் கிளாக்கர். விற்கச் சாமான் இல்லாத காலம், ஆகவே கிளாக்கருக்கும் வேலை இல்லை. பின்னேரமானால் றோட்டைக் கடந்து சைக்கிள் கடையில் போய் இருந்துவிடுவேன். மின்சாரம் கிடையாது. பற்றரி வன்னிக்குள் கொண்டுவரத் தடை. அதனால்தான் அந்தத் தலைகீழ்ச் சைக்கிள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் லண்டன் செய்தி கேட்போம். கிறீஸ் கிடைக்காததால் பரமேஸ் அண்ணை பெயாரிங்குக்கெல்லாம் தேங்காயெண்ணெய்தான் விடுவார். ஒட்டுப்போடுகிற சொலூசனும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த மணம் எங்கேயாவது வந்தால், எனக்கு இன்றைக்கும் யாருடனாவது வாதாட வேண்டும்போல நாக்கு துருதுருக்கும்.

பரமேஸ் அண்ணையின் அப்பா, குளத்துக்குக் கீழே அரசாங்கம் காணி கொடுத்த நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பரமேஸ் அண்ணை போராளி இயக்கத்தின் பக்கம், தன் அரசியலில் ஓர் அங்குலம்கூட அசையமாட்டார். மாணிக்கம் அண்ணை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கலவரத்தில் லயவீடு எரிந்த பிறகு தாய்தகப்பனோடு இங்கே வந்து, காடு வெட்டி, கடைமடையில் இரண்டு ஏக்கர் வயல் செய்தவர். கடைமடை என்றால் வாய்க்காலின் வால். தண்ணீர் கடைசியாக, மனமிருந்தால் வரும். அவரும் அசையமாட்டார். இந்த இருவருக்கும் நடுவே நான் இருந்து, யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதுதான் சரி என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போவேன்.

பரமேஸ் அண்ணையிடம் ஒரு கெட்ட பழக்கம். தனக்குப் பிடிக்காத செய்தி வந்தால் சுற்றுகிற கை மெதுவாகிவிடும். செய்தி வாசிப்பவரின் குரல் கரகரத்து, இழுபட்டு, செத்துப்போகும்.

“ஏண்ணே, ஒங்களுக்குப் புடிக்காத சேதி வந்தா மட்டும் கை வலிக்குதா?” என்பார் மாணிக்கம் அண்ணை.

“உது பொய்ச் செய்தி. உதுக்கு நான் ஏன் கை நோகச் சுத்துவான்?”

“பொய்யின்னா முழுசாக் கேட்டுட்டுப் பொய்யின்னு சொல்லுங்க. தள்ளுங்க, நான் சுத்துறேன்.”

மாணிக்கம் அண்ணை சுற்றுவார். செய்தி மீண்டும் உயிர் பிடிக்கும். பரமேஸ் அண்ணை முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதும் கேட்பார். முடிந்ததும் சண்டை தொடங்கும். ஒருமுறை சண்டை முற்றி, பரமேஸ் அண்ணை கையிலிருந்த பம்மை நிலத்தில் அடித்து உடைத்தார். வன்னியில் அப்போது காற்றடிக்கிற பம்முக்கு எங்கே போவது? இரண்டு கிழமை ஊரெல்லாம் காற்றில்லாமல் சைக்கிளை உருட்டித் திரிந்தது. அந்த இரண்டு கிழமையும் மாணிக்கம் அண்ணை வராமல் விடவில்லை.

இதைச் சொல்வதால் எனக்கும் அது பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். பேசக்கூடாத கதை அப்போதும் இருந்தது. அந்நியர் யாராவது கடைக்குள் வந்தால் எங்கள் கதை உடனே நெல்லுக்கும் மழைக்கும் மாறிவிடும். ஒருநாள் மாணிக்கம் அண்ணை கவனிக்கவில்லை. தெரியாத ஒருவர் ரியூப் ஒட்டக் காத்திருக்கும்போதே, “சாகிறதுக்கு எங்க புள்ளைங்கள முன்னுக்குக் கூப்புடுறீங்க. காணிப் பத்திரம் குடுக்கையில மட்டும் எங்களப் பின்னுக்கு நிப்பாட்டுறீங்களே, அது ஏன்?” என்று கேட்டுவிட்டார். மறுநாள் இயக்கத்திலிருந்து இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மாணிக்கம் என்பவர் யார் என்று விசாரித்தார்கள். மாணிக்கம் அண்ணை என் பக்கத்திலேயே மர வாங்கில் இருந்தார். என் வாய் ஒட்டிப்போய்விட்டது.

பரமேஸ் அண்ணை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “உவர் எங்கட ஆள். வாய் கொஞ்சம் நீளம். அவரிட்டக் கேக்கிறதை என்னிட்டக் கேளுங்கோ. நான் பொறுப்பு.” வந்தவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர் மாணிக்கம் அண்ணை பக்கம் திரும்பினார். “நீ கேட்டது முழுக்கப் பிழை. நாளைக்கு வா, ஏன் பிழையெண்டு சொல்லுறன்.”

மாணிக்கம் அண்ணை மறுநாள் வந்தார். பரமேஸ் அண்ணை சொன்னார். இவர் மறுத்தார். யுத்தம் முடிந்து செட்டிகுளத்து முகாமில், தண்ணீர் வரிசையில் ஆளுக்கொரு கானுடன் நின்றபோதுகூட இருவரும் அதைத்தான் பேசினார்கள். அப்போது பரமேஸ் அண்ணை மூத்த மகளைப் பறிகொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. யாருடனும் பேசாமல் கூடாரத்துக்குள் கிடந்தவரை மாணிக்கம் அண்ணைதான் வேண்டுமென்றே ஏதோ குதர்க்கமாகச் சொல்லி வெளியே கொண்டுவந்தார். அன்றைக்குப் பரமேஸ் அண்ணை போட்ட சத்தம் பக்கத்து வலயம் வரை கேட்டது. நாங்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லித் தோற்றவர்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இனிச் சொல்லப்போவது உங்களுக்கும் என்னைப்போல் உறைக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பினோம். குளம் திருத்தினார்கள். பரமேஸ் அண்ணையின் மகன் கனடாவிலிருந்து ஒரு கைபேசி அனுப்பினான். அவர் காதில் வயரைச் செருகிக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்தார். அந்தப் பெட்டிக்குள் அவருக்குப் பிடித்தது மட்டுமே வந்தது. ஒரு காணொளி முடிந்தால் அதையே இன்னும் உரக்கச் சொல்லும் அடுத்த காணொளி வந்தது. கை நோக எதையும் சுற்றவேண்டியதில்லை. பக்கத்தில் யாரும் தேவையும் இல்லை. “அண்ணை, சுகமோ?” என்று படலையில் நின்று கேட்டால் ஒரு காது வயரை மட்டும் கழற்றுவார்.

நான் கமக்காரர் குழுவைத் தொடங்கினேன். தண்ணீர்முறையும் உரமும் அறிவிக்கத்தான். வெளிநாட்டில் இருக்கிற காணிச் சொந்தக்காரர்களையும் சேர்த்தேன். அது என் முதல் பிழை. உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த மறுநாள் மாணிக்கம் அண்ணை அதில் ஒரு குரல்பதிவு போட்டார். எழுத அவருக்குப் பஞ்சி, பேசுவதென்றால் அலுக்காது.

“எல்லாருக்கும் வணக்கங்க. நான் இந்தத் தடவ தமிழ்க் கட்சிய விட்டுட்டுத் தெக்கத்திக் கட்சிக்குத்தான் போட்டேன். மறைக்கல. இந்த வட்டாரத்துல எங்க சனம் எம்புட்டு இருக்கு, வேட்பாளர் பட்டியல்ல ஒருத்தரையாவது போட்டீங்களா? நான் செஞ்சது தப்புன்னா ஏன் தப்புன்னு சொல்லுங்க. பேசுவோம்.”

முதல் பதில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒரே சொல். துரோகி. அந்த மனிதர் வயலில் கால் வைத்து இருபது வருடம். இரண்டாவது பதில், “வடக்கத்தையானுக்கு உதுக்குள்ள என்ன கதை?” மலையகத்திலிருந்து வந்தவர்களை இழிவாகச் சொல்லும் இந்தச் சொல்லை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ஆனால் எழுத்தில், பெயரும் படமும் போட்டு, வெட்கமில்லாமல் எழுதியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக நின்றன. ஒன்று பரமேஸ் அண்ணையுடையது.

“பதில் சொல்லுங்கன்னுதானே கேட்டேன்?” என்றது மாணிக்கம் அண்ணையின் அடுத்த குரல்பதிவு.

பதில் வரவில்லை. “செயலாளர் நித்திரையோ? உவரைத் தூக்குங்கோ” என்றுதான் வந்தது. அதற்கும் கட்டைவிரல்கள், பரமேஸ் அண்ணையுடையதும் சேர்த்து. பிறகு எனக்கே தனியாக அழைப்பெடுத்தார்கள். நீயும் அந்தப் பக்கமோ என்று கேட்டார்கள். நான் நீக்கினேன். நீக்கவா என்று கைபேசி ஒருமுறை கேட்கும். ஓம் என்று அமத்தினேன். சூடு ஆறட்டும், இரண்டு நாளில் திரும்பச் சேர்ப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இரண்டு நாள் போயிற்று. ஆறு மாதமும் போயிற்று. மறதி என்று சொல்லிவிடலாம். இல்லை, பயம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்கு முன்னால் வாய் ஒட்டிப்போனதற்காவது ஒரு காரணம் இருந்தது. இப்போது எனக்கு முன்னால் நின்றது என்ன? சில படங்கள், சில விரல்கள்.

மாரிமழை பிடித்தது. நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, மதியம் குளத்தின் வான்கதவு திறக்கப்படும் என்று நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். நான் உடனே குழுவில் எழுதினேன். ‘தாழ்வான வயல்களில் நிற்கும் மாடுகளை மேட்டுக்குக் கொண்டுவரவும். அவசரம்.’ அனுப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் கடைக்குப் போனேன்.

மாணிக்கம் அண்ணை அன்றைக்கு மனைவியைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போயிருந்தார். அவருடைய ஐந்து பசுக்கள் கடைமடை வயலில் கட்டையில் கட்டியபடி நின்றன. பக்கத்துத் தரிசில் பரமேஸ் அண்ணையின் மாடுகள். அவருடைய ஆள் பதினொரு மணிக்கே அவற்றை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டான். வெள்ளம் வந்தபோது ஐந்து பசுக்களும் கயிற்றின் நீளத்துக்குத்தான் தலையைத் தூக்க முடிந்தது. ஒன்று சினைப்பசு. தண்ணீர் வற்றியபின் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். கயிறு கழுத்தில் வெட்டியிருந்தது.

குழுவில் அன்று அழுகிற முகங்கள் நிறைந்தன. கூப்பிய கைகள், ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’. யாருக்கு? மாணிக்கம் அண்ணை அதற்குள் இல்லை. அவரை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருந்து ஒருவருக்கொருவர் அனுதாபம் சொல்லிக்கொண்டார்கள். நான் ஒரு குரல்பதிவு போட்டேன். வாழ்க்கையில் நான் பேசாத கெட்டவார்த்தை இரண்டு அதில் இருந்தது. மூன்று பேர் விலகிப்போனார்கள்.

பிறகு பரமேஸ் அண்ணை வீட்டுக்குப் போனேன்.

“பக்கத்து வயலில மாடு நிண்டது உங்கட ஆளுக்குத் தெரியேல்லையோ?”

“அவருக்கும் செய்தி போயிருக்கும் எண்டு நினைச்சன்.”

“அவரைத் தூக்கச் சொல்லேக்க நீங்களும்தானே விரல் காட்டினீங்கள்?”

அவர் இரண்டு காதிலிருந்தும் வயரைக் கழற்றினார். “நான் கனக்கத்துக்கு விரல் போடுறனான். எல்லாத்தையும் வாசிக்கிறேல்லை” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீதானே அமத்தினனீ.”

நான் எழும்பிக் கடைமடைப் பக்கம் நடந்தேன்.

மாணிக்கம் அண்ணையின் வேலிக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன். உடனே குழுவில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது அதுதான். அவர் வெறும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“வேணாம் தம்பி. எல்லாருஞ் சேந்து என்னையத் திட்டியிருந்தா, திருப்பித் திட்டியிருப்பேன். வலிச்சிருக்காது. ஒருத்தரும் வாதாடவே இல்லியே. பேரை அழிச்சீங்க, அம்புட்டுத்தான்.” கட்டை வெளியே வந்தது. மண்ணைத் தட்டினார். “பரமேசு அண்ணன் நல்லா இருக்காரா?”

நல்லா இருக்கிறார் என்றேன்.

நேற்று முன்தினம், கோடைப் பயிருக்கான சிறுபோகக் கூட்டம். குளத்தில் தண்ணீர் குறைவு, ஆகவே இந்தப் போகம் மேல்மடை வயல்களுக்கு மட்டும் தண்ணீர் விடுவதென்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். இப்படி ஒரு தீர்மானம் முன்னர் எப்போது வந்தாலும் மாணிக்கம் அண்ணை எழும்புவார். பரமேஸ் அண்ணை அவரை இருக்கச் சொல்லிக் கத்துவார். அவர் இருக்கமாட்டார். கூட்டம் மதியச் சாப்பாட்டைத் தாண்டும். முடிவில் கடைமடைக்கும் அரைப் பங்காவது தண்ணீர் என்று ஏதோ ஓர் இணக்கம் வரும். இருவரும் தோற்ற முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

அன்றைக்கு மாணிக்கம் அண்ணை பின்வரிசைக் கதிரையில் இருந்தார். பரமேஸ் அண்ணை முன்வரிசையில் இருந்தார். மாற்று அபிப்பிராயம் உண்டா என்று தலைவர் கேட்டார். பரமேஸ் அண்ணை மெல்லத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். நானும் பேனையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மாணிக்கம் அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. எவ்வளவு நல்ல கூட்டம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு எழும்பினார்கள்.

நான் மட்டும் இருந்து குறிப்பேட்டில் எழுதினேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இத்தனை வருடச் செயலாளர் வேலையில் அந்தச் சொல்லை நான் எழுதியது அதுதான் முதல் தடவை.