புளியமரத்தை வெட்டிய வருஷம்

ஏரலில் எங்கள் வீட்டுக்கும் சாச்சா வீட்டுக்கும் நடுவில் ஒரு புளியமரம் நின்றது. சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. மரம் இருவருக்கும் பொது. அதில் மழை ஓய்ந்ததும் ஆற்றுப் பக்கமிருந்து கொக்குகள் வந்து கூடு கட்டும். அவை யாருக்கும் சொந்தமில்லை, தொந்தரவு மட்டும் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது. காயப்போட்ட துணியெல்லாம் எச்சமாகும். குஞ்சுக்கு ஊட்டும்போது தவறிய மீன் முற்றத்தில் விழுந்து நாறும். துவைத்ததையே திரும்பத் துவைத்து உம்மாவுக்குக் கை ஓய்ந்துபோகும்.

அந்த வருஷம் சாச்சாவின் கைக்குழந்தைக்கு இளைப்பு வந்தது. நாற்றத்துக்குப் பயந்து சாச்சி சன்னலைத் திறப்பதில்லை. அடைத்த அறைக்குள் பிள்ளை மூச்சுக்குத் திணறியது. மரத்தை வெட்டிவிடலாம் என்று சாச்சா வந்து உட்கார்ந்தார். வாப்பா அப்போதுதான் சவுதி வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். எதற்கும் குரலை உயர்த்தத் தெம்பில்லாத மனிதர்.

“வெட்ட வேண்டாம்” என்றார்.

“ஏன்? நெழலுக்கா? நான் தட்டி கட்டித் தாரேன். மழைக்கா? இந்த ஒத்த மரத்தாலயா மழ பெய்யுது?”

“அதெல்லாம் இல்ல.”

“பாவம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் யாரும் சொன்னாவளா?”

“நான் கேக்கல.”

“இங்கன மரம் இல்லாட்டி கொக்கு வேற எங்கனயாவது போய்க் கட்டும்லா?”

“கட்டும்.”

“பொறவு என்ன?”

“மனசு ஒப்பல.”

“எம் பிள்ளைக்கு மூச்சு வாங்குது. ஒங்களுக்கு மனசு ஒப்பலயாக்கும்” என்றார் சாச்சா. அதில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

குஞ்சுகள் பறக்கும்வரையாவது பொறுக்கலாமே என்று வாப்பா கேட்டுப் பார்த்தார். பிள்ளையை வைத்துக்கொண்டு அதுவரை எப்படிப் பொறுப்பது என்று சாச்சா கேட்டதும், வாப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். கதவோரம் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்ட கேள்வி ஒன்றுக்கும் வாப்பாவிடம் பதில் இல்லையே.

மரம் சாயும்போது கூடுகளும் சேர்ந்து விழுந்தன. தாய்ப் பறவைகள் பொழுது சாயும்வரை மேலே சுற்றின. அதுவரை வெட்டுகாரர்களை ஏவிக்கொண்டிருந்த சாச்சா குனிந்து, உயிரோடிருந்த குஞ்சுகளைத் தன் துண்டில் பொறுக்கினார்.

“கூடையக் கொண்டா புள்ள” என்றார் என்னிடம்.

மறுநாளிலிருந்து கடைத்தெருவில் பொடிமீன் வாங்கி வந்து, அலகைப் பிரித்து ஊட்டத் தொடங்கினார்.

“பிள்ளைக்கு ஆகாதுன்னுதான வெட்டுனிய? இப்ப வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வச்சிருக்கிய” என்று சாச்சி ஏசினார்.

சாச்சா கூடையை எங்கள் முற்றத்துக்கு மாற்றினார். உம்மாவுக்கு வேலை மிச்சமாகவில்லை.

குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒன்று மட்டும் இறகு முளைத்து, கூடையைத் திறந்ததும் நடந்தே வாய்க்கால் பக்கம் போனது. சன்னலைத் திறந்துவைத்தபின் பிள்ளைக்கு இளைப்பு குறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செத்தவற்றை ஆற்றோரம் புதைக்க வாப்பாவும் சாச்சாவும் சேர்ந்தே போவார்கள். நானும் பின்னால் போவேன். வாப்பா மண்வெட்டியால் குழி தோண்டுவார். மரத்தை வெட்டும் பேச்சில் வாப்பா தோற்றார், சாச்சா ஜெயித்தார் என்றே நான் நினைத்திருந்தேன். ஜெயித்தவர் ஏன் குழியைப் பார்க்க மாட்டாமல் ஆற்றின் பக்கம் திரும்பி நின்றார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.