கதவில்லாத குசினி: செங்டுவில் ஆறு நாள்

சுவிஸில், வின்டர்தூர் ரயில் நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்த மனைவி ஒரே ஒரு சாமானுக்குத்தான் சொல்லிவிட்டாள். "பாக்கிறதெல்லாத்தையும் வாயால கொண்டுவாங்கோ. சூட்கேசில இடமில்லை."

முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே 2024 ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை நான் தனியே புறப்பட்டேன். சூரிச்சிலிருந்து ஷாங்காய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து மேற்கே இன்னொரு விமானத்தில் மூன்றரை மணி நேரம் பறந்தால் சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டு. சிவப்புச் சுவிஸ் பாஸ்போட்டுக்கு இப்போது விசா வேண்டாம், பதினைந்து நாள் இருக்கலாமாம். ஒருகாலத்தில் பக்கத்து ஜெர்மனிக்குப் போகவே அனுமதிக்கு அலைந்தவன் நான். இதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நான் போனது ஊர் பார்க்க மட்டுமல்ல. என் மகள் நிலானி வீடுகளின் உட்புறத்தை வடிவமைக்கிறவள். பிறந்தது, படித்தது சுவிஸில். இரண்டு வருடமாக வேலை செங்டுவில். இப்போதுதான் முதல்முறையாக ஒரு வீட்டை முழுதாகத் தன் கையால் செய்திருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்காரி வந்து பார்ப்பாள். அவள் ஏற்றுக்கொண்டால் அதே அடுக்குமாடிக் கோபுரத்தில் இன்னும் பத்து வீடுகள் நிலானியின் பொறுப்பில் வரும். இல்லையென்றால் ஆண்டு முடிவோடு ஒப்பந்தம் முடிந்துவிடும்.

"நீங்கள் மாலர்தானே அப்பா, வந்து சுவரைப் பாருங்கோ" என்று கூப்பிட்டிருந்தாள். மாலர் என்றால் சுவருக்கு வர்ணம் பூசுகிறவன். இருபத்தாறு வருடமாக என் சோறு அதில்தான்.

செவ்வாய் பின்னேரம், விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். டாக்சிக்கு 190 யுவான், அதாவது இருபத்துமூன்று பிராங். வின்டர்தூரில் அந்தக் காசுக்கு ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடுதான் வரும். ஓட்டுநர் தன் மொழியில் கதைக்க, அவருடைய போன் அதை ஜெர்மனில் சொன்னது. எங்களுக்கு வரும் அலுவலகக் கடிதங்களின் ஜெர்மன் அது!

"மதிப்பிற்குரிய பயணியே, தாங்கள் உறைப்பை அஞ்சுகிறீர்களா?"

இல்லை என்றேன்.

"நன்று. எங்கள் மாகாணத்தார் உறைப்புக்கு அஞ்சார். உறைப்பு இல்லாமற் போய்விடுமோ என்றே அஞ்சுவர்."

நானும் அந்தச் சாதிதான் என்று சொன்னேன். போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, மனிதர் நகரம் வரும்வரை சிரித்தார். வெளியே கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. சிலவற்றின் பல்கனிகளில் மரமே நின்றது. கட்டி முடிந்தவற்றைவிடப் பாரந்தூக்கிகள் நின்றவை கூடவோ என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

புதன் காலை. நிலானி என்னை முதலில் தான் செய்த வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. அதே கோபுரத்தின் பத்தொன்பதாம் மாடியில், இன்னும் வேலை தொடங்காத வீடொன்றைத் திறந்து காட்டினாள். சாம்பல் சீமெந்து. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வயர்கள், மூடி போட்ட குழாய்கள். வேறொன்றுமில்லை. கக்கூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை.

"இப்பிடியே விக்கிறவையோ?"

"ஓம் அப்பா. இஞ்ச கனபேர் இப்பிடித்தான் வாங்குவினம். மிச்சமெல்லாம் அவையின்ர விருப்பம்."

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். இங்கே வாங்கிய பிறகும் கட்டிப் பார்க்கவேண்டும். என் வேலை இதற்கு நேரெதிர். சுவிஸில் வாடகைக்காரர் வீடு மாறும்போது கட்டட நிர்வாகத்து ஆள் சுவரெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பார். அவர் வருமுன் ஆணி ஓட்டைகளை அடைத்துப் பூசுகிறவன் நான். இதுவரை அடைத்த ஓட்டைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு வாசலே வைக்கலாம்.

பிறகு இருபத்துமூன்றாம் மாடி. நுழைந்ததும் சப்பாத்து அலுமாரி, அதோடு சேர்ந்த இருக்கை. கூரையின் விளிம்பில் ஒளித்துவைத்த வெளிச்சம். சொன்னால் திறக்கும் திரைச்சீலை. சுண்ணாம்புப் பூச்சில் வெந்த மண்ணின் நிறம். நான் கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அப்படிப் பிடித்தால் எந்த மேடு பள்ளமும் தப்பாது. ஒரு அலைகூட இல்லை. பெருமையோடு பாராட்டத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு அது அபூர்வம்.

வந்ததோ பிழையான பேச்சு. "பிள்ளை, குசினிக் கதவு எங்க?"

"கதவு இல்லை அப்பா. சமையலும் இருப்பும் ஒண்டு."

"பொரிச்சால்?"

"நல்ல ஸ்ட்ரோங்கான புகையுறிஞ்சி போட்டிருக்கு. இது வின்டர்தூரே, மேல்வீட்டு மனிசி கடிதம் போட?"

பல வருடத்துக்கு முன், எங்கள் சமையல் மணத்தைப் பற்றி மேல்வீட்டுப் பெண் நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டாள். அன்றுமுதல் எங்கள் குசினிக் கதவு சாத்தித்தான் கிடக்கிறது. கதவுக்குக் கீழே றப்பர் பட்டி ஒட்டியவன் நான். மிக நேர்த்தியாக ஒட்டினேன்.

என் பழைய இத்தாலிய மேஸ்திரி சொல்வார்: "கேட்காத சுவருக்குப் பூச்சு அடிக்காதே." கைவிளக்கை அணைத்தேன், கதவுப் பேச்சையும் விட்டேன்.

வியாழன், வீட்டுச் சாமான் சந்தை. ஏழு மாடி. ஒரு மாடி முழுக்கத் தண்ணீர்க் குழாய். கதவுக் கைப்பிடி பதினெட்டு யுவானுக்கும் இருக்கிறது, ஆயிரத்து எண்ணூறுக்கும் இருக்கிறது. ஒரு கக்கூஸ் என்னைக் கண்டதும் தானாக மூடியைத் திறந்தது. பழக்கதோஷத்தில் நன்றி சொன்னேன். நாலாம் மாடியில் ஒரு வரிசை முழுக்கக் குசினிக்கான கண்ணாடிச் சறுக்குக் கதவுகள். நான் நிலானியைப் பார்த்தேன். அவள் விலைப்பட்டியலைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. வீட்டுக்காரி திருமதி சென், கணித ஆசிரியை, நாற்பது வயதிருக்கும். ஒரு கையில் பை, மறுகையில் பொரிக்கிற தாச்சி. சுவரைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள்.

"முதல்ல சமைச்சுப் பாக்கப் போறாவாம்" என்றாள் நிலானி.

பையிலிருந்து வந்தது இரண்டு கை செத்தல் மிளகாய். எண்ணெய் காய்ந்ததும் கொட்டினாள். புகையுறிஞ்சி விமானம் மாதிரி இரைந்தது. அரை நிமிடம்தான். முதலில் நான் இருமினேன், பிறகு நிலானி, பிறகு சமைத்தவளே இருமினாள். எங்கள் இருமலை என்ன கட்டளையென்று எடுத்ததோ, திரைச்சீலை ஒருமுறை மூடித் திறந்தது. திருமதி சென் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோபாவை மோந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள்.

நிலானி பதில் சொன்னாள். நீளமான பதில். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தாள். திருமதி சென்னின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அடுப்பை அணைத்தாள். அடுப்படிக்கும் இருப்பறைக்கும் நடுவே கையால் ஒரு கோடு கிழித்தாள். அதன்பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், ஒவ்வொரு அலுமாரியையும் திறந்து. பதினொன்றரைக்குக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன். "என்ன பிள்ளை கேட்டவ?"

"எல்லா வீட்டிலயும் கதவு இருக்கு, நீ ஏன் விட்டனி எண்டு."

"நீ?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "கதவு மூடின வீட்டிலதான் வளர்ந்தனான் எண்டன். நாங்கள் ஹோலில சிரிப்பம். அம்மா கதவுக்கு அங்கால நிண்டு, 'என்ன சிரிப்பு?' எண்டு கேப்பா. அவ வந்து கதவைத் திறக்க நாங்கள் சிரிச்சு முடிஞ்சிடும். அப்பிடி ஒரு வீடு கீறக்கூடாதெண்டு நினைச்சனான். புகையை மறந்திட்டன், அப்பா."

"அதுக்கு அவ என்ன சொன்னவ?"

"தன்ர அம்மாவும் அப்பிடித்தானாம். கண்ணாடிக் கதவு போடு, புகை அங்கால நிக்கட்டும், என்ர முகம் இஞ்சால தெரியட்டும் எண்டா."

பத்து வீடும் இனி அவளுடையவைதான். நான் பாராட்டியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு அந்த றப்பர் பட்டிதான் கண்ணுக்குள் நின்றது.

ஞாயிறு மாலை விமானம். கண்ணாடியும் உருக்குமாக வளரும் அந்த நகரத்தை மேலிருந்து பார்த்தபோது, எத்தனை ஆயிரம் சாம்பல் பெட்டிகளுக்குள் இந்த நேரம் யாரோ கையால் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் கண்ணாடிக் கதவு போட நிர்வாகத்துக்கு எழுதவேண்டும். பதில் வர மாதங்கள் ஆகும். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தபோது குசினிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கத்தரிக்காய் பொரியும் சத்தம்.

"வந்திட்டீங்களோ? முகம் கழுவுங்கோ, சாப்பிடேக்க கதைப்பம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஹோலிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஏன் வாறீங்கள்? புகை."

"சாமான் வாயில இருக்கு" என்றேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இருமி இருமி, டாக்சிக்காரரிலிருந்து தொடங்கினேன்.