நோன்பில் தின்ற கறிபாப்

நடந்ததை நடந்தபடியே பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்து என் வலைப்பதிவில் எழுதுகிறேன், எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் சேர்த்து.

இன்று ஓய்வு நேரத்தில் என் வகுப்புத் தோழி கமலா கேன்டீனில் கறிபாப், அதாவது உள்ளே மசாலா வைத்துப் பொரித்த பஃப், வாங்கி வந்தாள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கிறாள், அதனால் சைவம். நான் ரமலான் நோன்பு. இந்த வருடம் ஒன்றைக்கூட விடமாட்டேன் என்று அத்தாவிடம் சவால் விட்டிருக்கிறேன்.

ஆனால் அவள் எது வாங்கினாலும் முதல் கடி என்னுடையது. பழக்கத்தில் பிடுங்கிக் கடித்தேன், விழுங்கினேன். அவள் பேசாமல் சிரித்தாள். இரண்டாவது கடியை மென்றுகொண்டே சொன்னேன்: "சார்டின் மீன் நல்லா இருக்கு லா."

"சார்டினா? உருளைக்கிழங்குன்னுதானே கேன்டீன் ஆன்டி கொடுத்தாங்க?"

அப்போதுதான் எனக்கு நோன்பு ஞாபகம் வந்தது. வாயில் இருந்ததைச் சாக்கடையில் துப்பினேன்.

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தே, சொல்லக் கூடாதா?"

"மறந்து சாப்பிட்டா அல்லா ஊட்டுனதுன்னு உங்க உஸ்தாத் சொன்னதா நீதானே சொன்னே. அல்லாவே ஊட்டுறப்ப நான் எதுக்கு நடுவுல?"

"சரி, துப்பிட்டேன். நோன்பு நிக்குது."

"முழுங்குனதுக்கு மன்னிப்பு, மிச்சத்த துப்புறது கடமை. இதுல என்ன லாஜிக்?"

"லாஜிக் வேணும்னா கணக்கு டீச்சர்கிட்ட போ லா."

அவள் மீதிக் கறிபாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ மறக்கலன்னா என் விரதம் போயிருக்கும்."

ஆக, முருகனின் பால்குடத்தைக் காப்பாற்ற அல்லாஹ் எனக்குச் சார்டின் ஊட்டியிருக்கிறான். இதை உஸ்தாதிடம் யார் போய்க் கேட்பது? தைரியமுள்ளவர்கள் கீழே பெயர் எழுதவும்.

கணினி அறை விளக்குகளை ஆசிரியர் அணைத்துவிட்டார், இத்துடன் நிறுத்துகிறேன்.