அழாத பிள்ளைக்கு நட்சத்திரம்

டீச்சர், என் மகளை ஊமையாக்கியது நீங்கள்தான்.

ஆண்டர்சன்பேட்டைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் உங்களை ஒரே முறைதான் சந்தித்தேன். ஒரு பிள்ளையின் ஒழுகும் மூக்கை உங்கள் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நல்ல பிள்ளைகளுக்குச் சட்டையில் காகித நட்சத்திரம் குத்திவிடுவது உங்கள் வழக்கம்.

தங்கச் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டை ஒட்டி எங்கள் வீடு. காற்றடித்தால் மகளின் சீருடையெல்லாம் தூசு. "ஏய் சயனைடு, கிட்ட வராதடி, செத்துடுவோம்!" என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதாகச் சொன்னேன்.

"அதுக்கு இன்னாம்மா? அழாம பொறுத்துக்கிறா பாருங்க, அதான் ஸ்டார் குத்தினேன்," என்று சிரித்தீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. இப்போது வீட்டிலும் அவள் அழுவதில்லை, எதையும் சொல்வதுமில்லை. அழுதால் நட்சத்திரம் போய்விடுமாம்.

வரும் பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: மூக்கைப் பொத்திய பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள்?