சித்தியின் நீல வாளி

சட்டைக் காலரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு விசாரணை நடத்துகிறாள் சித்தி. "எங்கடா போய் விழுந்து புரண்ட நீ?" கேள்வி சட்டைக்குத்தான். ஆனாலும் அதைக் கொண்டுவந்தவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

சலவைக் கடைக்கு வருகிறவர்களின் பெயர் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை, கறைதான் நிற்கும். மைப்பேனா சார், டீக்கறை டீச்சர், கிரீஸ் தம்பி. தெருவே அவளைச் சித்தி என்று கூப்பிட்டாலும், அந்த உறவுக்கு உரிமைக்காரி ஒருத்திதான்: அக்காவின் மகள். அக்காவுக்கு வேலை வேறு ஊரில். பதினைந்து வயதுப் பெண் படிப்பதும் வளர்வதும் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில்.

எந்தக் கறையும் சித்தியிடம் தவணை கேட்கலாம், ரத்தக் கறை மட்டும் கூடாது. காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் போய் விழ வேண்டும். அதற்கென்றே குழாயடியில் ஒரு நீல வாளி. பெண் வயதுக்கு வந்த புதிதில், விடிந்ததும் படுக்கை விரிப்பைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நிற்பாள். சித்தி இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவருவாள். "இதுல என்னடி வெட்கம்? ஊர்க் கறையெல்லாம் துவைக்கறேன், உன்னோடது மட்டும் கசக்குதா?"

போன வருடம் அந்தப் பெண்ணுக்கு லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்போடு மல்லுக்கு நிற்கும் நோய். கன்னம் சிவந்தது, மூட்டுகள் வீங்கின, சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. வெயில் ஆகாது என்று கேட்டதும் சித்தி கொடிகளை இடம் மாற்றி, காயப்போட்ட துணிகளைக் கொண்டே ஜன்னலுக்கு நிழல் கட்டினாள். கடுமையான ஊசிகள் போட்டார்கள். நோய் அடங்கத் தொடங்கியது. ஆனால் மாதவிடாயும் நின்றுபோனது.

சித்திக்கு அது முதலில் உறைக்கவில்லை. "நல்லதாப் போச்சு, வாளிக்கு லீவு" என்று சிரித்தாள். பெண் சிரிக்கவில்லை.

"சித்தி, இனிமே எனக்கு வரவே வராதா?"

எத்தனை காலமாக இதை மனசுக்குள் வைத்துப் புழுங்கியதோ பிள்ளை! மறுநாளே இருவரும் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"கேட்டது ரொம்ப நல்லதும்மா" என்றார் அவர், பெண்ணைப் பார்த்து. "நோயாலயும் நிக்கும், மருந்தாலயும் நிக்கும். உன் வயசுல பெரும்பாலும் திரும்ப வந்துடும். ஆனா இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். பயந்துபோய் நீயா மருந்தை நிறுத்திடாதே."

ஒளிவுமறைவு இல்லாத அந்தப் பேச்சுக்கு எப்படி நன்றி சொல்வதென்று சித்திக்குத் தெரியவில்லை. "அந்தக் கோட்டைக் கழட்டுங்க டாக்டரம்மா, பாக்கெட்டுல மை ஊறியிருக்கு" என்று கையை நீட்டிவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அன்று முதல் டாக்டரம்மாவின் கோட்டெல்லாம் சித்தி கையால்தான் வெளுக்கின்றன. "நல்லா இருக்கணும் அந்தம்மா" என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு தடவை சொல்வாள்.

நீல வாளியை மட்டும் அவள் கவிழ்த்து வைக்கவில்லை. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைத்தாள். பெண் அதைப் பார்த்துக்கொண்டே போவாள்.

போன வாரம் ஒரு காலை. மைப்பேனா சாரின் சட்டை மேசைமேல் பாதி தேய்த்தபடி கிடக்கிறது. பெண் வந்து நிற்கிறாள், கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகம். சித்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, விரிப்பை வாங்கி அந்தச் சட்டையின் மேலேயே விரிக்கிறாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"சித்தி, காஞ்சிடப் போகுது. வாளியில போடு."

"காயட்டும்டி."

கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, கறையைச் சுற்றியிருக்கும் சுருக்கங்களை, பட்டுத் துணியை நீவுவதுபோல, வெறும் கையால் மெதுவாக நீவிவிடுகிறாள்.