தெட்லெஃபைத் தாலினில் விட்டு வந்தேன்

எனக்கு அறுபத்தேழு வயது. எங்கள் ஊரான ஃப்ளென்ஸ்பூர்கில் முப்பத்தொரு வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். ஒரு மாத்திரை கூடினாலும் குறைந்தாலும் அன்று எனக்குத் தூக்கம் பிடிக்காது. கதை கட்டுவதெல்லாம் எனக்கு வராது. கீழே வரும் நேரங்களை அன்றே கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம் குறித்துவைத்தேன். தாள் என் மேசையில்தான் இருக்கிறது. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

என் கணவர் தெட்லெஃப் பிப்ரவரி பதினொன்றாம் தேதி இறந்தார். ஜூலையில் நாங்கள் இருவரும் பால்டிக் கடலில் கப்பல் பயணம் போவதாக இருந்தது. கப்பல் கம்பெனிக்குப் போன் செய்து அவர் பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முறை கூப்பிட்டேன். எதிர்முனையில் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். 'இறந்துவிட்டார்' என்ற சொல் வாயில் வரவே இல்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல் உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அவர் தங்கை வீப்கேயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அவளுக்குத் தனி அறை எடுத்தேன். அவர் பெயரை அப்படியே விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான்.

கீல் துறைமுகத்தில் ஏறினோம். மூன்றாம் நாள் கப்பல் தாலின் நகரத்தில் நின்றது.

காலை 9:12. கரைக்கு இறங்கும் வாசலில் அவரவர் அட்டையைக் கருவியில் காட்ட வேண்டும். 'டிங்' என்று ஒலிக்கும். யார் கரையில், யார் கப்பலில் என்ற கணக்கெல்லாம் அதற்குள்தான். என் அட்டை ஒலித்தது. காவலர் சிரித்தார்.

"சார் முன்னாடியே இறங்கிட்டாரே மேடம். எட்டு நாப்பதுக்கே!"

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது? கணினி ஏதோ உளறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னால் போன வீப்கே திரும்பினாள். "என்ன அண்ணி, மரமாட்டம் நிக்கிறீங்க? அந்த ஆளு ஜொள்ளு விடறானா?"

10:50. நகரச் சதுக்கம். பழங்காலக் கவுன் போட்ட ஒரு பெண் பாதாம் வறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் குடுக்கச் சொன்னாரு. சிவப்புக் கோட்டு போட்ட அம்மா வருவாங்கன்னாரு."

நான் சிவப்புக் கோட்டுதான் போட்டிருந்தேன்.

"அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "இந்த வெயில்லயும் கை ஐஸா இருந்துச்சு..."

வீப்கே அதற்குள் பாதிப் பொட்டலத்தைக் காலி செய்திருந்தாள். "ஆளை மாத்திச் சொல்றா. இல்லேன்னா எவனோ உங்களுக்கு ரூட்டு விடறான் அண்ணி!"

நானும் ஒன்றை வாயில் போட்டேன். இனித்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

13:05. ஓலாவ் தேவாலயக் கோபுரம். எனக்கு முட்டி வலி. வீப்கே மட்டும் ஏறினாள். நான் படிக்கட்டின் அடியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒடுங்கிய கற்படி. சுழன்று சுழன்று மேலே போகும்.

13:22. இறங்கும் சத்தம்.

டக்... சர்ர்... டக்... சர்ர்...

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு தெட்லெஃப் வலது காலை இழுத்துத்தான் நடப்பார்.

டக்... சர்ர்...

கடைசி வளைவுவரை வந்தது. நின்றது. அதற்கப்புறம் ஒரு காலடி இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

"வீப்கே?"



13:26. அதே வளைவில் வீப்கே வேர்த்து வழிந்துகொண்டு வந்தாள்.

"உனக்கு முன்னால இறங்கினது யாரு?"

"யாரு இறங்கினா? மேல நானும் புறாவும்தான். இந்தப் படியில ஒருத்தரை ஒருத்தர் தாண்டவே முடியாதே!"

16:30-க்குள் எல்லோரும் ஏறியாக வேண்டும். ஏறினோம். வீப்கே குளிக்கப் போனாள்.

16:38. என் அறைத் தொலைபேசி ஒலித்தது. கீழே அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

"உங்க கணவர் ஒருத்தர்தான் மேடம் இன்னும் வரல" என்றாள் அங்கிருந்த பெண். திரையை என் பக்கம் திருப்பினாள். "இவர்தானே?"

கீலில் ஏறும்போது ஒவ்வொருவரையும் படம் எடுத்தார்கள். அந்தப் படம்.

கறுப்புக் கோட்டு சூட்டு. அவரைப் பெட்டியில் வைக்க நான் எடுத்துக் கொடுத்தது.

"ரெண்டு தடவை எடுத்திருக்காங்க. ரெண்டுலயும் கண்ணை மூடிட்டாரு" என்றாள்.



"அஞ்சு மணிக்குக் கிளம்பணும். காத்திருக்கணுமா மேடம்? வருவாரா?"

சொல்ல வேண்டிய சொல் ஒன்றே ஒன்று. நாக்குவரை வந்தது. அப்போதும் சொல்ல முடியவில்லை.

"அவர் வரமாட்டார். நீங்க கிளம்புங்க."

"அப்போ அவர் பாஸ்போர்ட்டைக் குடுங்க. கரையில எங்க முகவர்கிட்ட விட்டுட்டுப் போவோம். அதுதான் வழக்கம்."

என் பையில் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே ரப்பர் வளையத்தில் இருந்தன. முப்பத்தெட்டு வருடமாக அப்படித்தான். அவருடையதை உருவிக் கொடுத்தேன்.

17:04. கப்பல் நகர்ந்தது. நான் கரையைப் பார்க்கவில்லை.

மேல்தளத்தில் எல்லாவற்றையும் வீப்கேயிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"அண்ணி... தபால்ல வந்த அண்ணனோட கப்பல் அட்டை... பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அதை நான்தான் அவன் கோட்டுப் பையில வெச்சேன். ஆசைப்பட்ட பயணமாச்சே, அவன்கூடவே போகட்டும்னு..."

அவள் அழுதாள். எனக்கு அப்போதும் வரவில்லை.

ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் அந்த முகவரிடமிருந்து கடிதம் வந்தது. தங்கள் கணவர் அன்றே மாலை 17:31-க்கு நேரில் வந்து பாஸ்போர்ட்டைப் பெற்றுக்கொண்டார் என்று இருந்தது. ரசீதின் நகலும் கூடவே இருந்தது. அவர் கையெழுத்தேதான். எப்போதும்போல் 'ஃப்' எழுத்தின் வாலைக் கோட்டுக்குக் கீழே இழுத்திருந்தார்.

அடியில் இரண்டு வரி. தரைவழியாக ஃப்ளென்ஸ்பூர்குக்கு எப்படிப் போவது என்று விசாரித்தாராம். பேருந்து வேண்டாம், நடந்தே போய்க்கொள்கிறேன் என்றாராம்.

வீட்டுப் பூட்டை மாற்றச் சொல்லி வீப்கே தினமும் போன் செய்கிறாள். நான் இன்னும் மாற்றவில்லை.