நசுங்காத எலுமிச்சம்பழம்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன சனிக்கிழமை, எந்தக் கோளாறும் இல்லாத ஒரு பம்ப்பை, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டேன். பதினெட்டு வருஷ சர்வீஸ்! இதற்கு எனக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்குப் புத்தி சொல்லும் ஆசாமி மற்ற நாட்களில் என்ன செய்கிறான் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். செங்கல்பட்டுக்கு வெளியே, லாரிகளுக்கு பிரேக் ஷூ செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன். மெஷின் ஓடும்போது அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால்... என் பெயர் மட்டுமல்ல, என் அப்பா பெயர்கூட எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

சனிக்கிழமை நின்றது பெரிய ஹைட்ராலிக் பிரஸ். இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் வளைத்துக் கொடுக்கும் ராட்சசன். அதை ஓட்டுகிறவர் புதுப்பட்டினத்து இப்ராஹிம் பாய்.

பாய்க்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் மனுஷர் எங்கள் ஷாப்பின், அதாவது எங்கள் பிரிவின், நாற்பது பேருக்கும் விருந்து சொல்லிவிட்டார். மாமல்லபுரம் கடற்கரை, சவுக்குத் தோப்பு, பிரியாணி! சமையல் பொறுப்பு அவருடைய மச்சானுக்கு — மனைவியின் தம்பிக்கு. மாமியார் வீட்டு ஜனங்கள் மொத்தமும் அங்கே வந்து காத்திருக்கும்.

மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பாக்கி முன்னூறு தகட்டையும் அடித்து லோடு கிளம்பினால், கம்பெனி லாரியே எங்களைக் கொண்டுபோய் விடும். கிளம்பாவிட்டால் கேட் திறக்காது. முன்னூறு தகடு என்ன பிரமாதம்? பதினோரு மணிக்கு லாரி, பன்னிரண்டரைக்குப் பிரியாணி. இதுதான் திட்டம்.

புதன்கிழமை ஆயுத பூஜை போட்டு நிறுத்திய பிரஸ்ஸை, இரண்டு நாள் லீவுக்குப் பிறகு அன்றுதான் முதலில் ஓட்டுகிறோம். எங்கள் வழக்கப்படி முதல் அடி தகட்டுக்கு இல்லை. அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்போம். பிரஸ் இறங்கி அதை நசுக்கும். எல்லோரும் கை தட்டுவோம். அப்புறம்தான் வேலை.

பாய் பழத்தை வைத்தார். பிஸ்மி சொன்னார். பட்டனை அழுத்தினார். மோட்டார் ஊம் என்று சுற்றியது. பிரஸ் இறங்கவில்லை.

பழம் என்னைப் பார்த்தது. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“இன்னா அண்ணாத்த, எறங்குமா எறங்காதா?” என்றார் பாய். “அங்க ரெண்டு தேக்சா பிரியாணி அடுப்புல ஏறிக்கினு இருக்கும்.”

“அரை மணில முடிச்சிடலாம் பாய்.”

“போன தபாவும் அரை மணின்னுதான் சொன்னாரு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “பொங்கலுக்குச் சொன்னது. மாசி மாசம் ஓடிச்சி.”

இந்த மாதிரி நேரத்தில் முதலில் சின்னச் சின்ன விஷயங்களைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாதா? ஆனால் நாற்பது பேர் சுற்றி நிற்கும்போது சின்னக் காரணத்தைத் தேட யாருக்கு மனசு வரும்? டாக்டரையே பாருங்கள். தனியாகப் போனால் ‘சுக்குக் கஷாயம் குடி’ என்பார். கட்டிலைச் சுற்றிப் பத்து உறவினர்கள் நின்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவார்.

மெஷினோடு கப்பலில் வந்த தடித்த மேனுவல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிரஸ் இறங்காமல் போக அதில் இருபத்திரண்டு காரணங்கள் போட்டிருக்கிறார்கள். நான் பதினேழாவதைத் தேர்ந்தெடுத்தேன் — பம்ப் தேய்மானம். சொல்லிப் பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

கழற்றினேன். எண்ணெய் ஆறாக ஓடியது. நம் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றைத் தரையில் விரித்து, உருப்படிகளை வரிசையாக அடுக்கினேன். என் பத்தி எண்ணெயில் ஊறியது. அது ஒருவருக்கு உபயோகப்பட்டது அன்றுதான்.

மணி பத்தரை. பாய் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“மாமியா வூட்டுல ஏற்கெனவே என்னை ஒரு ஆளா மதிக்க மாட்டாங்க அண்ணாத்த. நாப்பது பேரு வராங்கன்னு பெருசா சொல்லி வச்சிக்கீறேன். ஒருத்தனும் வரலைன்னா பேஜாரு. சோறு கொழைஞ்சி போவும். கூடவே மானமும் போவும்.”

சேதி சொல்லி அனுப்பவும் வழியில்லை; சவுக்குத் தோப்பில் ஏது போன்? பம்ப்பின் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பம்ப் தேயவில்லை — நான்தான் தேய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் முனியம்மா மரத்தூள் கூடையோடு வந்தாள். ஷாப்பைப் பெருக்குகிறவள். காலையில் பஸ் ஸ்டாண்டில் பூ விற்பாள். எங்கள் பூஜைக்கு மாலை கட்டித் தந்ததும் அவள்தான். எண்ணெயின் மேல் மரத்தூளைத் தூவிக்கொண்டே பிரஸ்ஸுக்குப் பக்கவாட்டில் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

“இன்னா சார் இது? மாலைய எடுத்தியே, நார எதுக்கு வுட்டு வச்சிக்கீற?”

குனிந்து பார்த்தேன்.

பிரஸ்ஸின் பக்கவாட்டில் விரல் மாதிரி ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பிரஸ் முழுக்க இறங்கியதும் அந்த விரலைத் தட்டும். ‘இறங்கியாச்சு, இனி மேலே போ’ என்று அர்த்தம். புதன்கிழமை சாமந்தி மாலையைக் கட்ட ஓர் ஆணியைத் தேடினேன். கிடைக்கவில்லை. இந்த விரல் வசதியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் கீழே இருந்த போல்ட்டையும் சேர்த்து, ஈர வாழைநாரால் முடிச்சுப் போட்டேன். சும்மா இல்லை, பக்தியோடு. மூன்று முடிச்சு.

இரண்டு நாள் தகரக் கூரைச் சூட்டில் நார் காய்ந்து முறுக்கேறி, விரலைக் கீழே இழுத்துப் பிடித்துவிட்டது. காலையில் மாலையை அறுத்து எறிந்தேன். கிரீஸ் பட்டுக் கறுத்த முடிச்சு கண்ணில் படவில்லை. பிரஸ் பாவம், என்ன செய்யும்? ஏற்கெனவே இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றது. மேனுவலின் இருபத்திரண்டு காரணங்களில் வாழைநார் இல்லை. எழுதினவர்கள் நாட்டில் வாழை இல்லை.

முனியம்மா சுருக்குப்பையிலிருந்து அரை பிளேடை எடுத்து நாரை அறுத்தாள். விரல் டக்கென்று நிமிர்ந்தது.

“முனிம்மா... இத வெளிய சொல்லிடாத.”

“நா எதுக்கு சொல்லப் போறன்? கறி மட்டும் எலும்பில்லாம பாத்து வாங்கிக் குடு.”

கழற்றிய பம்ப்பைத் திருப்பி மாட்ட ஒரு மணி நேரம். பன்னிரண்டுக்குப் பாய் மறுபடி பட்டனை அழுத்தினார். பிரஸ் ஜம்மென்று இறங்கியது. பழம் நசுங்கியது. சாறு என் கண்ணில் தெறித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

இரண்டு மணிக்கு லோடு கிளம்பியது. பின்னாலேயே நாங்களும். எனக்கு டிரைவர் பக்கத்தில் மரியாதைக்குரிய சீட். “அண்ணாத்த இல்லன்னா இன்னிக்கி விருந்து இல்ல!” என்று திருக்கழுக்குன்றம் வரைக்கும் கோஷம், தகரத்தில் தாளம். நான் அடக்கமாகக் கையசைத்தேன். பின்னால் முனியம்மாவின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

மாமல்லபுரத்தில் லாரி நிற்பதற்குள் பாய் குதித்து ஓடினார். தோப்பு முழுக்க வாசனை. அப்போதுதான் மச்சான் தேக்சா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். நாற்பது பேர் இறங்குவதைப் பார்த்த மாமியார், மருமகனுக்குத் தன் கையாலேயே சர்பத் கொடுத்தார். குழந்தையை ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து காட்டினார்கள். என் கிரீஸ் விரலை அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மணலில் பந்தி. காற்றில் கொஞ்சம் மணலும் கலந்துதான் சாப்பிட்டோம். யாருக்கு அதெல்லாம் கணக்கு? முனியம்மாவுக்கு எலும்பில்லாத கறியாகப் பொறுக்கி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை பிரியாணி வந்தபோது மனசாட்சி உறுத்தியது. (முதல் இரண்டு தடவை அதற்கும் பசி போலிருக்கிறது.) பாயைத் தனியாக அழைத்து, நார், விரல், மூன்று முடிச்சு — எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பாய் கோபப்படவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு மச்சான் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ராத்திரி இங்க மழையாம் அண்ணாத்த. வெறகு பூரா நனைஞ்சி, மச்சான் அடுப்பு பத்த வச்சதே ஒரு மணிக்குத்தானாம். பன்னண்டரைக்கே வந்து எறங்கியிருந்தோம்னா நாப்பது பேரும் பச்சரிசிய மென்னுகினு இருந்திருப்போம்!”

ஒரு பெரிய துண்டாகப் பார்த்து என் இலையில் வைத்தார்.

“நல்லவேளை அண்ணாத்த... உனக்கு வேலை தெரியல.”